மைனஸ் இரண்டு வரிசை

லென்ஸ் பட்டறைக்காரர் என்றால் அந்தக் கடைத்தெருவில் தெரியாத ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இன்றைக்கு அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அவருடைய பட்டறையில் தேய்த்ததுதான். இதை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சொல்லிக்கொள்ளட்டுமே. அப்பன் வைத்துவிட்டுப் போன பட்டறையா அது? ஒற்றை ஆளாகத் தம் கட்டி எழுப்பியது.

மீசை முளைக்காத வயதில் இன்னொருவர் பட்டறையில் லென்ஸ் கழுவச் சேர்ந்தார். கண்ணாடிக் கடைகளிலிருந்து தினமும் தட்டுகள் வரும். ஒரு ஆளுக்கு ஒரு தட்டு. அதில் பிரேம், லென்ஸ், பவர் எழுதிய சீட்டு. தேய்க்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு பவருக்கும் மாட்டுகிற இரும்பு அச்சு வேறு. அதைக் கழற்றி மாட்டுவது இடுப்பொடிக்கிற வேலை. காலையில் வந்த தட்டுகளைப் பவர் வரிசையில் அடுக்கிவிட்டால் ஒரு அச்சை ஒரு தடவை மாட்டினால் போதும். மைனஸ் அதிகமானது இடது கோடி, பிளஸ் அதிகமானது வலது கோடி. பட்டறைப் பேச்சில் இடது பக்கம் நிற்பது சின்ன பவர், வலது பக்கம் நிற்பது பெரிய பவர்.

அந்த அடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. பழைய முதலாளி சொல்லிக்கொடுத்த வழி இது: குவியலை முழுக்கத் துழாவு, இருப்பதிலேயே மைனஸ் அதிகமான தட்டைக் கண்டுபிடி, இடது கோடியில் வை. மறுபடியும் மிச்சத்தை முழுக்கத் துழாவு, அடுத்ததை வை. பார்த்த தட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக் கண் பூத்துப்போகும். கொஞ்ச நாளில் அவராகவே வேறு வழி பிடித்தார். எல்லாத் தட்டையும் வரிசையாகப் பரப்பிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டை மட்டும் பார்ப்பது. மாறி நின்றால் மாற்றி வைப்பது. கோடி வரை போய்விட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு நடைக்கு ஒரு பெரிய பவர் வலது கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். யோசிக்கவே வேண்டாம், கை அதுபாட்டுக்கு மாற்றும். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அப்போதே மனதுக்குள் கறுவிக்கொண்டார், நமக்கென்று ஒரு பட்டறை வரட்டும், இந்த அடுக்கும் வேலைக்கு நான் ஒரு வழி பண்ணுகிறேன் என்று.

பட்டறை வந்தது. அடுக்கும் மேசைக்கு அவர் கொண்டுவந்து நிறுத்திய ஆள் சொந்தத் தங்கையின் புருஷன். மாப்பிள்ளை அதிகம் பேசாத மனிதர். அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. குவியலிலிருந்து ஒரு தட்டை எடுப்பார். ஏற்கெனவே அடுக்கிய வரிசையின் வலது கோடியிலிருந்து இடது பக்கமாக நடப்பார். கையில் இருப்பதைவிடப் பெரிய பவர் எல்லாவற்றையும் தாண்டுவார். சமமானதோ சின்னதோ கண்ணில் பட்டதும் நின்று, அதற்கு அடுத்து இடம் ஒதுக்கிச் செருகிவிடுவார். மறுபடியும் குவியலுக்குத் திரும்புவார். நாள் முழுக்க இதே நடை. பட்டறை ஆட்கள் அவருக்கு ரோந்து என்று பேர் வைத்திருந்தார்கள்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதிவைத்திருந்தார் பட்டறைக்காரர்: முதலில் வந்தவருக்கு முதலில் வேலை. முகம் பார்த்து வேலை செய்வது அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு பவரில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தேய்க்க முடியும், அதற்குமேல் அச்சு சூடேறிப்போகும். மிச்சம் விழுகிற தட்டுகளை மறுநாள் காலைக் குவியலில் முதலாவதாக வைப்பார்கள். மாப்பிள்ளை அவற்றை முதலில் எடுத்து அடுக்குவார். அதே பவரில் பின்னால் வருகிறவை அவற்றுக்குப் பின்னால் போய் நிற்கும். இப்படி ஏன் நடக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. மாப்பிள்ளையும்தான்.

வேலை பெருகியது. மைனஸ் இரண்டு தட்டுகள் மட்டுமே மேசையில் பாதி இடத்தை அடைத்தன. தட்டுகள் குவிந்து கிடக்க, மாப்பிள்ளை ஆடி அசைந்து ரோந்து போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தால் பட்டறைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. அதைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம், பளிச்சென்று வந்ததாம், வாயைக்கூடக் கொப்பளிக்காமல் பட்டறைக்கு ஓடினாராம்.

வழி இதுதான். எல்லாத் தட்டையும் வந்தபடியே வரிசையாகப் பரப்பு. நடுவிலிருந்து ஒரு தட்டைப் பார்த்து, அதன் பவரை எல்லைக்கோடாக வைத்துக்கொள். பட்டறை ஆட்கள் அந்தத் தட்டுக்கு நாட்டாமை என்று பேர் வைத்தார்கள். இடது கோடியிலிருந்து ஒரு ஆள், வலது கோடியிலிருந்து ஒரு ஆள், இரண்டு பேரும் நடுவை நோக்கி நடக்க வேண்டும். இடது ஆள் நாட்டாமைக்குச் சமமான தட்டையோ பெரிய தட்டையோ பார்த்தால் நிற்பான். வலது ஆள் சமமானதையோ சின்னதையோ பார்த்தால் நிற்பான். இரண்டு பேரும் தட்டை மாற்றிக்கொண்டு மேலே நடப்பார்கள். சந்தித்துக்கொள்ளும்போது சின்னதெல்லாம் இடது பக்கம், பெரியதெல்லாம் வலது பக்கம். பிறகு ஒவ்வொரு பாதியிலும் ஒரு நாட்டாமை, மறுபடி அதே கூத்து. பாதி பாதியாக உடைந்து கடைசியில் தானாக வரிசை வந்துவிடும்.

வந்தும் விட்டது. மத்தியானம் வரை இழுத்த வேலை, காலை டீ வருவதற்குள் முடிந்தது. பட்டறைக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். படித்தவனெல்லாம் வந்து பார்க்கட்டும் என்றார். மாப்பிள்ளை மட்டும் தலையைச் சொறிந்தார். என்னவோ இடிக்கிறது, பழைய வழியே இருக்கட்டுமே என்று இழுத்தார். என்ன இடிக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மச்சானின் பெயர் மேலே போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டார்.

புகார் மெதுவாகத்தான் வந்தது. ஒரு கண்ணாடிக் கடைக்காரம்மா போன் பண்ணி, எங்கள் தட்டு போன வாரம் வந்தது, நேற்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டீர்களாமே, உங்கள் இடத்திலும் ஆள் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டாள். பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. அடுத்த நாளே அந்தத் தட்டுக்குரிய ஆள் நேரில் வந்து நின்றார். பஸ் டிரைவர். பழைய கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது. டிப்போவில் கண் பரிசோதனையில் தேறவில்லை, புதுக் கண்ணாடி வருகிற வரை வண்டியில் ஏற்ற மாட்டோம் என்று பஸ் கழுவ விட்டிருக்கிறார்கள். மனிதர் சத்தம்கூடப் போடவில்லை. எப்ப சார் கிடைக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு, ஈரமான கால்சட்டையோடு வாசலில் நின்றார். மைனஸ் இரண்டு.

மறுநாள் காலை பட்டறைக்காரர் தன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரின் தட்டைக் குவியலில் முதலாவதாக அவரே வைத்திருந்தார். இடது கோடியில் மாப்பிள்ளை, வலது கோடியில் மெருகு போடுகிற ஆள். நாட்டாமை வழக்கம்போல ஒரு மைனஸ் இரண்டு. மாப்பிள்ளை முதல் தட்டிலேயே நின்றார். அதைத் தூக்கினார். வலது கோடியிலிருந்து வந்த வேறொரு கடையின் தட்டை அந்த இடத்தில் வைத்துவிட்டு, டிரைவரின் தட்டை நேராக வலது கோடிக்கு அனுப்பிவிட்டார்.

கண்ணால் பார்த்த பிறகு என்ன வேண்டும்? அந்த வேறொரு கடையின் ஆளோடு மாப்பிள்ளை டீ குடிப்பதும் ஊருக்கே தெரியும். பட்டறைக்காரர் அறையிலிருந்து வெளியே வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"யாருகிட்ட கை நீட்டின?"

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாப்பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. தட்டைக் காட்டினார் பட்டறைக்காரர்.

"நீங்க சொன்ன வழிதான் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "சமமா இருந்தா நிக்கச் சொன்னீங்க, நின்னேன். மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன்."

"என் வழி மேலயே பழி போடறியா? என் உப்பத் தின்னுட்டு எனக்கே பாடம் எடுக்கற?"

இன்னும் நிறையச் சொன்னார். பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் கேட்கத்தான் சொன்னார். மாப்பிள்ளை வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்து நாலாக மடித்து மேசையின் மேல் வைத்துவிட்டு நடந்தார். அன்று சாயங்காலமே டிரைவரின் கண்ணாடியைப் பட்டறைக்காரர் தன் கையால் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். நீதி செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கு கசந்தது.

தங்கை அதற்குப் பிறகு வரவில்லை. போனும் இல்லை. மாப்பிள்ளை பார்சல் ஆபீசில் சேர்ந்துவிட்டதாகச் சேதி வந்தது. போகட்டும், ஒழிந்தது என்றார் பட்டறைக்காரர். ஆனால் புகார் மட்டும் ஒழியவில்லை. இப்போது வேறு கடைகள் கேட்டன, வேறு தட்டுகள் பின்தங்கின. மெருகு போடுகிற ஆளைக் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டுப் பார்த்தார். கடைசியில், மனுஷன் கையே வேண்டாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று முடிவு பண்ணி, பக்கத்தில் நோட்டீஸ் அடிக்கிற அச்சுக்கடைக்காரரின் மகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கடைகளுக்கு இதுமாதிரி வேலைகள் செய்துகொடுத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் எப்படி அடுக்குகிறீர்கள் என்று அது கேட்டதும் பட்டறைக்காரருக்குக் குஷி பிறந்துவிட்டது. பல் தேய்த்த கதையிலிருந்து ஆரம்பித்தார். மேசைக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தட்டுகளைப் பரப்பி, நாட்டாமையைக் காட்டி, ஒரு கோடிக்கும் இன்னொரு கோடிக்கும் தானே ஓடி ஓடி மாற்றிக் காட்டினார். மூச்சு வாங்கியது. அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

"ஐயா, நிஜமாவே இது நீங்களா கண்டுபிடிச்சது? இதுக்குப் பேரு குயிக் சார்ட், அதாவது வேக அடுக்கு. எங்க காலேஜ்ல இத ஒரு பாடமாவே வச்சிருந்தாங்க."

பட்டறைக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. காலேஜில் பாடமாமே, கேட்டுக்கொள்ளுங்கள் என்று சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புக்காரன் புத்தி காலேஜ் வரைக்கும் போயிருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றது அந்தப் பெண். சுவரில் இருந்த வாசகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரே பவர்ல ரெண்டு மூணு தட்டு இருந்தா, முன்னாடி வந்தது முன்னாடியே நிக்கணுமா?"

"பின்ன? அதுதானே பட்டறையோட உசுரு."

"அப்ப இந்த வழி ஆகாதுங்கய்யா. இது வேகமா அடுக்கும், ஆனா சமமா இருக்கறத கலைச்சுப் போட்டுடும்."

அதெப்படி என்றார் அவர். அந்தப் பெண் மைனஸ் இரண்டு தட்டுகளில் மூன்றை எடுத்து வைத்து, சாக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியது. நடுவில் இருப்பதுதான் நாட்டாமை. நீங்கள் சொன்னபடியே செய்கிறேன், பாருங்கள் என்றது. இடது ஆள் முதல் தட்டில் நிற்கிறான், சமம். வலது ஆள் கடைசித் தட்டில் நிற்கிறான், அதுவும் சமம். மாற்று. இப்போது மேசையில் மூன்று, இரண்டு, ஒன்று. முதலில் வந்தவன் கடைசியில் நின்றான்.

பட்டறைக்காரர் அந்த ஒன்று என்ற எழுத்தையே பார்த்தார். நூல் கட்டிய கண்ணாடி ஞாபகம் வந்தது. காலையில் முன்னால் வைத்தவனை ஒவ்வொரு நாளும் பின்னால் தூக்கிப் போட்டது எந்தக் கை என்று அப்போதுதான் தெரிந்தது.

"முன்னாடி ஒருத்தர் நடந்து நடந்து அடுக்குவாரு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "வலது கோடியிலேர்ந்து வந்து, சமமா ஒண்ணப் பாத்தா அதுக்குப் பின்னால வச்சிடுவாரு. அது?"

"அது கலைக்காதுங்கய்யா. சமமா இருக்கறதத் தாண்டவே மாட்டாரில்ல? மெதுவா இருந்தாலும் வந்த வரிசை அப்படியே நிக்கும். வேகமும் வேணும்னா இன்னொரு வழி இருக்கு. குவியல ரெண்டா பிரிச்சு, தனித்தனியா அடுக்கி, அப்புறம் ரெண்டு வரிசையோட முன்னாடித் தட்டுகள ஒப்பிட்டு ஒப்பிட்டு ஒண்ணா சேக்கணும். சமமா வந்தா முதல் பாதியிலேர்ந்து எடுக்கணும், அவ்வளவுதான். நான் அதையே எழுதித் தரேன்."

எழுது என்றார். அதற்குமேல் அந்தப் பெண் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஆளில்லாத விடுமுறை நாளில் பட்டறையைத் திறந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தட்டுகளில் சாக்கட்டியால் எழுதித் தானே அடுக்கிப் பார்த்தார். சின்னப் பெண், தப்பாகச் சொல்லியிருக்கும் என்று ஒரு நப்பாசை. வேறு வேறு நாட்டாமையை வைத்துப் பார்த்தார். ஒரு தரம் தற்செயலாக வரிசை கலையாமல் வந்தது. ஆ, பார்த்தாயா என்று வாய்விட்டே சொன்னார். அடுத்த தரம் மறுபடியும் கலைந்தது. மடித்து வைத்த மேல்துணி மேசையின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. அவரும் தொடவில்லை.

வீட்டில் மனைவி, ஏங்க, சாப்பிடாம என்ன யோசனை என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. முதலாளியாக இருந்தே காலம் போனதில் அந்த வார்த்தை எங்கேயோ விடுபட்டுப்போயிருந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கதவைத் திறந்துவிட்டு, வாங்கண்ணே என்றுகூடச் சொல்லாமல் ஒதுங்கி நின்றாள். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரர் சுற்றி வளைத்தார். புது வழி ஒன்று வருகிறது, கம்ப்யூட்டர் வைக்கிறோம், மேசையைக் கவனிக்க நம்பகமான ஆள் வேண்டும் என்றெல்லாம் ஆரம்பித்தார். மாப்பிள்ளை தைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருவழியாக,

"அந்த வழி தப்பு மாப்பிள்ளை," என்றார்.

"வழி யாரோடது மச்சான்?"

ஊசி வாரில் குத்தி நின்றது. தங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னோடது," என்றார் பட்டறைக்காரர். "தப்பும் என்னோடதுதான். நீ மாத்தினது நான் சொல்லி மாத்தினது. உன்ன நான்..."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" மாப்பிள்ளையின் குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க கேட்டது அத்தன பேர் முன்னாடி. இன்னிக்கும் அந்தத் தெருவுல போனா, கை நீட்டினவன் போறான்னு பாக்கறாங்க. சொன்ன இடத்துல சொல்லுங்க."

தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பினார்.

அடுத்த நாள் பட்டறை திறந்ததும் இயந்திரங்களை ஓட்ட வேண்டாம் என்றார். ஆட்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். புகார் சொன்ன கடைக்காரம்மாவையும் மாப்பிள்ளையையும் வரச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வாசல்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. பட்டறைக்காரர் மூன்று தட்டை எடுத்து வைத்தார். சாக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, தன் வழியில், தன் கையால் அடுக்கிக் காட்டினார். மூன்று, இரண்டு, ஒன்று. யாருக்கும் சட்டென்று புரியவில்லை. மறுபடியும் காட்டினார். மெருகு போடுகிற ஆள்தான் முதலில் தலையை ஆட்டினான்.

"டிரைவரோட தட்டு பின்னால போனது இப்படித்தான்," என்றார் பட்டறைக்காரர். "எங்க மாப்பிள்ளை யாருகிட்டயும் கை நீட்டல. நான் கண்ணால பாத்தேன், ஆனா என்ன பாத்தேன்னு எனக்குத் தெரியல. அவர் மேல போட்டது அபாண்டம். மன்னிச்சுடு மாப்பிள்ளை."

கடைக்காரம்மா தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை உள்ளே வந்து, மடித்து வைத்திருந்த மேல்துணியை எடுத்தார். பட்டறைக்காரரின் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை அதை உதறி, தூசி தட்டி, மறுபடியும் மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"சரி மச்சான். பார்சல் ஆபீஸ்ல எனக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர் வருகிற வரை அந்த மேல்துணியைக் கட்டிக்கொண்டு பட்டறைக்காரரே அடுக்கினார். மாப்பிள்ளையின் வழியில், வலது கோடியிலிருந்து நடந்து. முழங்கால் கெஞ்சும். நீங்கள் எதற்கு, நாங்கள் செய்கிறோம் என்று ஆட்கள் சொன்னால் கேட்க மாட்டார். கண்ணாடி வந்தும் டிரைவர் இன்னும் டிப்போவில் பஸ்தான் கழுவுகிறார். அவருடைய தடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் பட்டறைக்காரர் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்.

ஒருநாள் தங்கை வந்தாள். கையில் ஒரு பிரேமும் பவர் எழுதிய சீட்டும். அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அவர் கூப்பிடாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பவரைப் பார்த்தார். மைனஸ் இரண்டு. ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வலது கோடியிலிருந்து நடந்தார். பிளஸ்களைத் தாண்டினார். கடைசி மைனஸ் இரண்டு வந்ததும் நின்று, அதற்குப் பின்னால் செருகினார். அதற்கு முன்னால் நீளமாக நின்றது வரிசை.

"எனக்கும் கடைசிதானா அண்ணே?"

"உனக்கும்தான்."

தங்கை சிரித்தாள். வந்த பிறகு முதல் சிரிப்பு.

"அவரு இந்த மேசையில இருந்திருந்தாலும் அங்கதான் வச்சிருப்பாரு," என்றாள்.

பட்டறைக்காரர் குவியலில் அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு வலது கோடிக்குப் போனார்.